என் பங்குக் குளவி

திருமூர்த்தி தோப்புக்கா? இதே தடம்தான், நேராகப் போனால் போதும். ஆனால் போவதற்கு முன்னால் இந்தக் கட்டிலில் கொஞ்சம் உட்காருங்கள் அம்மணி. அங்கே போனால் உட்கார இடம் கிடைக்காது. எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு செடி முன்னாலேயே உட்கார்ந்திருக்கும்.

பூச்சி எண்ண வந்திருக்கிறீர்கள் என்று பஸ் நிறுத்தத்திலேயே பேசிக்கொண்டார்கள். பூதக்கண்ணாடி, குப்பி, வலை, நோட்டு. பல்கலைக்கழகம் இதற்கும் ஆள் வைத்திருக்கிறது என்றால் சந்தோஷம்தான். நான் மூணாவதோடு நின்றவன். எங்கள் காலத்தில் பூச்சியைக் கண்டால் நசுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மோர் குடியுங்கள். மயிலாத்தாள், என் வீட்டுக்காரி, உங்கள் தலை தெரிந்ததுமே கலக்க ஆரம்பித்துவிட்டாள்.

திருமூர்த்தி யாரென்று தெரியுமா? என் சித்தப்பா மகன். எனக்கு நாலு வயது இளையவன். பங்காளி. பங்காளி என்று சொன்னதும் உங்களுக்குப் பாதி கதை புரிந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தாவின் தோட்டம் எட்டு ஏக்கர். பாகம் பிரித்தபோது இந்த நாலு எனக்கு, அந்த நாலு அவனுக்கு. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, மழை பெய்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பெய்யும். மனுஷன்தான் வேறு.

அப்படியே திரும்பி என் தோப்பைப் பாருங்கள். இந்த மூலையில் உட்கார்ந்தால் அந்த மூலை தெரிகிறதா? தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் வைத்தேன். இருநூற்றெண்பது மரம். எல்லாம் இளநீருக்கான ஒரே குட்டை ரகம், ஒரே நாற்றங்காலில் ஒரே நாளில் எடுத்த கன்று. நூல் பிடித்து நட்டேன். தாத்தா விட்டுப்போன வேம்பு, புளி, பலா, நுணா எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிட்டுத்தான் நட்டேன். அடியில் ஒரு புல் முளைக்க விடமாட்டேன். உரக்கடைக் குப்புராஜ் வந்து பார்த்து, 'சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி இருக்குதுங்' என்றார். சொன்னதோடு விடவில்லை. கடை ஆண்டுவிழாவில் சுத்தமான தோப்பு என்று கூப்பிட்டுச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார். இப்போது மரமெல்லாம் கொஞ்சம் கறுத்துப்போயிருக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் வரிசை கலையவில்லை பாருங்கள்.

அவன் தோப்புக்குள் மாடு போனால் மறுநாள்தான் வெளியே வரும். நெட்டைத் தென்னை, குட்டைத் தென்னை, நடுவில் பாக்கு, ஜாதிக்காய், வாழை, முருங்கை, தென்னைமேல் மிளகுக்கொடி. வாய்க்கால் ஓரம் பூராவும் கல்வாழை. கல்வாழையை யார் தின்பது? ஒருமுறை கேட்டேன். 'பூ நல்லாருக்குதுங்கண்ணா' என்றான். தோப்பு வைத்திருக்கிறானா, கல்யாண மேடை வைத்திருக்கிறானா? களை எடுக்கமாட்டான். விழுந்த மட்டையை எரிக்கமாட்டான், கிடந்து மக்கட்டும் என்பான். சோம்பேறித்தனத்துக்கு இத்தனை காரணம் கண்டுபிடித்தவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான். அதைப்போய் வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க எடுத்தார்கள். என் தோப்புக்கும் கூப்பிட்டேன். வந்து ஒன்றே ஒன்று எடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. என் தோப்பில் ஒரு மரத்தை எடுத்தால் எல்லா மரத்தையும் எடுத்த மாதிரிதானே.

இரண்டுக்கும் நடுவே கம்பி வேலி போகிறதே, அந்த இடத்தில் முன்பு கிளுவை வேலி இருந்தது. உயிர்வேலி. தாத்தாவின் அப்பா நட்டது என்பார்கள். ஒரு வண்டி போகிற அகலம் அம்மணி, சும்மா இல்லை. அதன்மேல் கோவை, பிரண்டை, முசுமுசுக்கை, பேர் தெரியாத கொடி பத்து. அதற்குள் ஒடக்கான் (ஓணானை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), கீரி, செம்போத்து, தேன்சிட்டு, சிலந்தி, குளவி, பாம்பு. ரேஷன் அட்டை ஒன்றுதான் இல்லை, மற்றபடி ஒரு ஊரே உள்ளே இருந்தது. ஒரு வண்டி அகலத்தில் என் பக்கம் மட்டும் இரண்டு வரிசை தென்னை வரும். பூச்சிக்கும் பொட்டுக்கும் குடியிருப்பு கட்டிக்கொடுக்கவா எனக்குப் பாகம் வந்தது?

அவன் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்த நாளாகப் பார்த்து ஜேசிபியை வரச்சொன்னேன். அவன் பார்த்தால் மனசு கஷ்டப்படுவான் என்றுதான். எனக்கு அந்த மாதிரி இளகின மனசு. அரை நாளில் வேலை முடிந்தது. வண்டியின் பல் ஒருமுறை மண்ணில் இறங்கினால் உள்ளேயிருந்து பத்துவிதமாக ஓடும். ஒரு விஷயம் அப்போதே கவனித்தேன். ஓடினதெல்லாம் அவன் பக்கமாகவே ஓடியது. ஒன்றுகூட என் பக்கம் வரவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்த உயிர்கள், நாலு தலைமுறைப் பழக்கம். நன்றி என்று ஒன்று இருக்க வேண்டாமா?

நாலாம் நாள் அவன் வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

'ஏனுங்கண்ணா, வேலி உங்கள என்ன பண்ணுச்சு?'

'பாம்பு வருது.'

'பாம்பு வந்தா எலி போகுமுங்க. அதுக்கு வேலியவே எடுத்துப்புட்டீங்களே.'

'கம்பி போட்டுக் குடுத்திருக்கறன்ல, உனக்கென்ன நட்டம்?'

'உள்ள இருந்ததெல்லாம் எங்கீங்க போகும்?'

'உன்ற தோப்புலதான் வேணுங்கற அளவு குப்பை கெடக்குதே. நீயே வெச்சுக்க.'

அத்தோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம் ஆகிறது.

மறுவருஷம் எலி வந்தது. மரத்தின் உச்சியில் ஏறி இளங்காயாகப் பார்த்து ஓட்டை போட்டது. அது அவன் தோப்பு எலி, எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் தோப்பில் எலி ஒளிந்துகொள்ள ஒரு புல்லாவது உண்டா? மருந்து வைத்தேன். எலி செத்தது. செத்த எலியைத் தின்ற கூகை இரண்டு, மோட்டார் ரூம் மேலே குடியிருந்தவை, அவையும் விழுந்தன. போனதும் நல்லதுதான், ராத்திரியெல்லாம் அலறல். அதற்கப்புறம் வந்த எலிக்கு மருந்தும் பழகிவிட்டது, பயமும் விட்டுவிட்டது. இப்போது பகலிலேயே என்னை நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறது.

இதெல்லாம் சில்லறை. வெள்ளை ஈயைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததா? இலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளைக் கோலம் போடும். அதன் கழிவு பிசுபிசுவென்று சொட்டும், சொட்டின இடத்தில் கரும்பூசணம் பிடிக்கும். மயிலாத்தாள் கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் கரித்துணியாக எடுப்பாள். கோழிகூட இரண்டு மாசத்தில் நிறம் மாறிவிட்டது.

மூன்று வருஷம் முன்னால் இரண்டு தோப்புக்கும் ஒரே வாரத்தில்தான் வந்தது. நியாயமாகப் பார்த்தால் முதலில் அழிந்திருக்க வேண்டியது அவன் தோப்பு. குப்பைக்காடு அது. நடந்தது என்ன? என் தோப்பில் முதல் வரிசையில் பார்த்த ஈ, மாசம் முடிவதற்குள் கடைசி வரிசையில் இருந்தது. இருநூற்றெண்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைதானே. ஒன்றில் ருசி கண்டால் எல்லாவற்றிலும் ருசி கண்ட மாதிரி. கம்பியில் கரண்ட் போகிற மாதிரி போனது. அவன் தோப்பில் ஒரு தென்னையை விட்டு அடுத்த தென்னைக்குப் போவதற்குள் பாக்கு குறுக்கே வரும், ஜாதிக்காய் குறுக்கே வரும், சிலந்தி வலை குறுக்கே வரும். பாதி ஈ விலாசம் விசாரித்தே செத்திருக்கும். சிலந்தி தின்னாததை வண்டு தின்றது, வண்டு விட்டதைக் குருவி தின்றது. ஒரு ஈக்கு எத்தனை பேர் பாருங்கள். மூன்று மாசத்தில் அவன் தோப்பில் தேடினால்தான் ஈ கிடைக்கும் என்று ஆகிவிட்டது.

ஒரே வியாதி இரண்டு பேருக்கு வருகிறது. ஒருத்தனுக்கு மட்டும் சரியாகிறது. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. குப்புராஜிடம் மருந்து வாங்கி அடித்தேன். முதல்முறை அடித்ததும் எல்லாம் செத்தது. எல்லாம் என்றால் எல்லாம். பொறிவண்டு, தும்பி, சிலந்தி, கண்ணாடி மாதிரி இறக்கை வைத்த பச்சைப் பூச்சி ஒன்று. மயிலாத்தாள் வாசலில் கூட்டி முறத்தில் அள்ளினாள். பதினைந்தாம் நாள் வெள்ளை ஈ மட்டும் திரும்பி வந்தது. மற்றது எதுவும் வரவில்லை. குப்புராஜிடம் கேட்டேன். 'அளவு பத்தலீங்' என்றார். அளவைக் கூட்டினேன். அதைவிட அதிகமாக வந்தது. 'மழை கழுவிருச்சுங்' என்றார். மழையே பெய்யவில்லையே என்றேன். 'அதானுங், வெயில்ல ஆவியாப் போயிருச்சு' என்றார். படித்த மனுஷன். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒருநாளும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

கரும்பூசணம் உரிந்து விழ மைதாமாவைக் காய்ச்சி அடிக்கலாம் என்று விவசாய ஆபீசில் சொன்னார்கள். மயிலாத்தாள் அண்டா வைத்துக் காய்ச்சினாள். வீட்டில் என்ன விசேஷம் என்று நாலு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அடித்தோம். பூசணம் உரிந்துதான் விழுந்தது. ஈ விழவில்லை. மைதா மருந்து இல்லை, கழுவல்தான், மருந்து அடிப்பதை முதலில் நிறுத்துங்கள் என்றும் அவர்கள் சொன்னதாக மயிலாத்தாள் சொல்கிறாள். எனக்கு அந்தக் காது அன்று சரியாக இல்லை.

போன ஆடியில்தான் பெரிய அநியாயம் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை, எல்லையோர வரிசைக்குத் தண்ணீர் திருப்பப் போனேன். ஒவ்வொரு மரத்திலும் தாழ்ந்த மட்டையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தென்னோலைத் துண்டு, பின் அடித்துக் குத்தியிருந்தது. என் மரத்து ஓலை இல்லை. பன்னிரண்டு மரம், பன்னிரண்டு துண்டு. திருப்பிப் பார்த்தேன். அடியில் கடுகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. என் ஓலையில் இருப்பது வெள்ளை, இது கறுப்பு. ஆடி வெள்ளி, பன்னிரண்டு துண்டு, கறுப்புப் புள்ளி. மூணாவது படித்தவனுக்குக்கூடப் புரியும், இது செய்வினை என்று.

மயிலாத்தாள் ஒரு துண்டை வாங்கிப் பார்த்தாள். 'காயிதத்துக்குப் பின்னடிக்கற மெசின்ல எவனுங்க செய்வினை வெப்பான்?'

'காலம் மாறிப்போச்சு' என்றேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டுப் பக்கம் போய் மந்திரவாதி ஒருவரை அழைத்துவந்தேன். பன்னிரண்டு துண்டையும் பிடுங்கி, உப்பு மிளகாய் போட்டு எரித்தார். பூசணிக்காய் உடைத்தார். நெருப்பில் போடும்போது ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஏதோ பொடியாகப் பறந்தது, கொசுவைவிடச் சின்னது. 'ஏவல் வெளியேறுது' என்றார். என் கண்ணால் பார்த்தேன் அம்மணி. பொய் இல்லை.

மறுநாள் காலை பால் சொசைட்டியில், ஊரே கேனோடு நிற்கும்போது அவனைப் பிடித்தேன். வேலி போன பிறகு முதல் பேச்சு.

'என்ற மரத்துல என்னத்தைடா குத்தி வெச்ச?'

'ஓலைங்கண்ணா. குளவி ஓலை.'

'குளவியா?'

'கண்ணுக்கே தெரியாதுங்க, அத்தனை சின்னது. மனுசனக் கொட்டாது. வெள்ளை ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வெச்சுரும். அந்தக் குஞ்சு செத்துக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்புதான் ஓலைல இருந்தது. எங்குளுதுல நெறையக் கெடக்குது, உங்குளுதுல ஒண்ணுகூட இல்ல.'

'ஏன், என்ற தோப்புக்கு வர அதுக்கு வெக்கமா?'

'மருந்தடிச்சா எப்படீங்கண்ணா வரும்? வந்தாலும் தங்கறதுக்கு ஒரு பூவு வேணுமில்லீங்க. சொல்லிட்டு வெக்கலாம்னா நீங்க பேசறதில்ல.'

பின்னால் எவனோ சிரித்தான். நான் விடவில்லை. 'எல்லாத்தையும் எரிச்சுட்டேன், தெரியுமில்ல' என்றேன்.

அவன் முகம் ஒரு மாதிரி போனது. அப்புறம், 'பரவால்லீங்கண்ணா, வேற கொண்டாறட்டுங்களா?' என்றான்.

அந்தக் 'கொண்டாறட்டுங்களா' இருக்கிறதே. அத்தனை பேர் முன்னால். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் மறந்திருப்பேன். திட்டியிருந்தால் அன்றே சமாதானம் ஆகியிருப்போம், பங்காளிகள் அப்படித்தான். இவன் கொடுக்கிறேன் என்கிறான், நான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். 'ஒரு ஓலை என்ற எல்லைக்குள்ள வந்தாப் போலீசுக்குப் போவேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே எல்லையோரம் பூராவும் இரண்டு மடங்கு மருந்து அடித்தேன். தப்பி வந்த குளவி ஏதாவது இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான்.

இந்த வருஷம் பாளை சரியாக வரவில்லை. வந்ததிலும் குரும்பை பிஞ்சிலேயே கொட்டுகிறது. செங்கல் சூளைக்கு மரம் எடுக்கிற ஆள் வந்து நாலு வரிசைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதோ தெரிகிறது பாருங்கள். வியாழக்கிழமை வெட்ட வருகிறான். கோயம்புத்தூரிலிருந்து என் மகன், 'நாலு வரிசை எதுக்கு, மொத்தமா வெட்டிட்டு வீட்டுமனை போட்டரலாம்' என்கிறான். போர் வறண்ட வருஷம் இந்த இருநூற்றெண்பதுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தவன் நான். அவனுக்கு அது தெரியாது. எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் சொன்னேன்தான். எனக்கு அப்படி இல்லை.

சரி, அதை விடுங்கள். உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததே, அவன் தோப்புதான் ஈக்குக் கிடங்கு, அதைச் சுத்தம் செய்ய உத்தரவு போட வேண்டும் என்று உங்கள் நோட்டில் எழுதச் சொல்லத்தான். நீங்கள் என்னடா என்றால் அவன் சொன்னதையே சொல்கிறீர்கள். மருந்தை நிறுத்த வேண்டும், குளவி ஓலை குத்த வேண்டும், நடுவில் வாழையும் கல்வாழையும் நட வேண்டும், பிழைத்தாலும் பிழைக்கும், உறுதி சொல்ல முடியாது என்கிறீர்கள். படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். பிடிவாதக்காரன் என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். வியாழக்கிழமை ஆளைக்கூட ஒரு போன் போட்டு நிறுத்திவிடலாம். ஆனால் அவனிடம் போய் ஓலை கேட்டு நிற்கமாட்டேன்.

'நான் போயி வாங்கியாறனுங்க. அஞ்சு நிமிசம்.'

கேட்டீர்களா? உள்ளேயிருந்து மயிலாத்தாள். நீ போனாலும் நான் போன மாதிரிதான், பேசாமல் இரு.

நான் வேறு மாதிரி யோசித்து வைத்திருக்கிறேன். இந்தக் குளவி, சிலந்தி, வண்டு எல்லாம் எங்கே இருந்தவை? வேலியில். வேலி யாருடையது? பத்திரத்தில் எழுதியிருக்கிறது, கிளுவை வேலி இருவருக்கும் சமபாத்தியம் என்று. அப்படியானால் அதில் குடியிருந்ததில் பாதி என்னுடையது. ஆறு வருஷமாக என் பாதியையும் சேர்த்து அவன் அனுபவித்துக்கொண்டிருக்கிறான். நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

என்ன சொல்கிறீர்கள், இந்தக் குளவி வேலியில் இருந்ததே இல்லை, வெள்ளை ஈ வந்த பிறகு வந்ததா? வேலியிலிருந்து போன மற்றதும் அவன் தோப்பில் பூவும் கொடியும் இருந்ததால்தான் அங்கே தங்கியதா? சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என் ஆட்கள் இருந்த வீட்டில்தானே வந்து தங்கியது. பாத்தியம் மாறாது.

'நீயே வெச்சுக்கன்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க?'

மயிலா, கோபத்தில் சொன்னது பத்திரம் ஆகாது. அந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வா.

இந்தாருங்கள் அம்மணி, பிடியுங்கள். எப்படியும் அங்கே எண்ணத்தானே போகிறீர்கள். எண்ணி முடித்ததும் சரிபாதியாகப் பிரித்து, என் பங்கை ஓலையோடு இந்தப் பையில் போட்டு வாங்கிவாருங்கள். சும்மா தருகிறேன் என்று சொன்னால் வாங்காதீர்கள். பாகம் என்று சொல்லிக் கேளுங்கள். பாதிக்கு மேல் ஒன்றுகூட எனக்கு வேண்டாம். ஒற்றைப்படையில் வந்தால் மிஞ்சுகிற ஒரு குளவியை அவனே வைத்துக்கொள்ளட்டும். தம்பி முறை, நானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.